பழகிய கைக்கும் மறுபயிற்சி

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை பழைய திரவத்தை வடித்துப் புதியதை ஏற்றுகிறார். ஒரு பையில் பெரும்பாலும் 2 லிட்டர். ஒவ்வொரு முறையும் வயிற்றுக் குழாயின் முனை சில விநாடிகள் திறந்திருக்கும். அப்போது விரலோ மூச்சுக்காற்றோ பட்டால் கிருமி வயிற்றறைக்குள் இறங்கி, பெரிட்டோனிட்டிஸ் என்னும் அழற்சியை உண்டாக்கக்கூடும். 1976இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் இம்முறையை வகுத்த காலந்தொட்டே இதுதான் அதன் பெரிய இடர். திரவத்தை ஏற்றுமுன் குழாயை அலசிவிடும் இரட்டைப்பை இணைப்பு வந்தபின் தொற்று வெகுவாகக் குறைந்தது. கைப்பிழையை மட்டும் எந்தக் கருவியாலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

தொடக்கப் பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடும். அதன்பின் நோயாளி அதே செயலை ஆண்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தனியாகச் செய்கிறார். செய்யச் செய்யக் கை தேறும் என்று எண்ணுவது இயல்பு. வேகம் கூடுகிறது என்பது உண்மை; ஆனால் ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. தொற்றில்லாமல் மாதங்கள் கழிந்ததும் கை கழுவும் நேரம் சுருங்கும், மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கும், கழுவிய கை ஃபேன் சுவிட்சைத் தொடும். இதை அலட்சியம் என்று கடிந்துகொள்வது நியாயமாகாது. விட்ட படிக்கு உடனடி விளைவு இல்லாததால், அது விட்டுப்போனதே அவருக்குத் தெரிவதில்லை.

மருத்துவமனையில் கேட்டால் எல்லாப் படிகளையும் சரியாகச் சொல்லிவிடுவார். கை என்ன செய்கிறது என்பது வீட்டில்தான் தெரியும். அதனால்தான் பயிற்சிக் கருவிகளோடு செவிலியரே நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் நடமாடும் ஒத்திகை முறைக்கு மதிப்பு. குழாய் பொருத்திய ஏப்ரன், பயிற்சிப் பைகள், மூடிகள், சரியாகக் கழுவாத இடத்தைப் புறஊதா விளக்கில் ஒளிரச் செய்யும் களிம்பு ஆகியவை ஒரு பெட்டியில் அடங்கிவிடும். நோயாளி தன் மேசையில், தன் அறை வெளிச்சத்தில் செய்துகாட்ட, செவிலியர் குறுக்கிடாமல் கவனிக்கிறார். பிறகு சிக்கல்களை முன்வைக்கிறார். இணைப்பு முனை எதிலாவது பட்டுவிட்டால்? திரவத்தை ஏற்றாமல் குழாயின் கிளாம்பை மூடிவிட்டு டயாலிசிஸ் மையத்தை அழைக்க வேண்டும். வடிந்த திரவம் கலங்கியிருந்தால்? அன்றே பையோடு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றை உண்மையான வயிற்றில் ஒத்திகை பார்க்க முடியாது; ஏப்ரனில் எத்தனை முறை தவறினாலும் ஆபத்தில்லை. செல்பேசி வீடியோ அழைப்பு தொலைவில் இருப்பவர்களுக்கு உதவும். ஆனால் கேமரா காட்டாத மூலைகள் பல.

தொற்று வந்தபின், மருத்துவமனையில் தங்கித் திரும்பியபின், பார்வையோ கைத்திறனோ நினைவோ குறையும்போது, இணைப்பு வகை மாறும்போது மறுபயிற்சி தரவேண்டும் என்று சர்வதேச வயிற்றுவழி டயாலிசிஸ் சங்கம் பரிந்துரைக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்களுக்குக் கண்ணும் மங்கிவருவதுண்டு. அவர்களுக்குக் கைகொடுக்கும் மகனோ மருமகளோ உடனிருந்து பழக வேண்டும். ஆனால் தொற்று வந்தபின் மட்டுமே கற்பிப்பது நோயாளிக்குக் காலங்கடந்த உதவி. மருந்துச் சீட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறிக்கும்போதே மறுபயிற்சித் தேதியையும் டயாலிசிஸ் மையங்கள் குறித்துக்கொடுக்க வேண்டும்.