இல்லாத இருப்புக்கு வட்டி

உடல்நலத்தைக் கண்ணிலிருந்தே கண்காணிக்கும் ஸ்மார்ட் கான்டாக்ட் லென்ஸின் சந்தை வளர்கிறது என்று சந்தை அறிக்கைகள் சொல்கின்றன. எந்தச் சரக்கின் சந்தை?

2014 ஜனவரியில் கூகுள் ஒரு லென்ஸை அறிவித்தது. கண்ணீரிலுள்ள சர்க்கரையை அது அளக்கும். நீரிழிவு நோயாளி விரலில் குத்திக்கொள்ள வேண்டாம். அதே ஆண்டு நோவார்டிஸின் ஆல்கானும் கூட்டுச் சேர்ந்தது. 2018 நவம்பரில், இதைச் செய்துவந்த வெரிலி நிறுவனம் வேலையை நிறுத்திக்கொண்டது. கண்ணீரின் சர்க்கரையை வைத்து ரத்தத்தின் சர்க்கரையை நம்பகமாகச் சொல்ல முடியவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. விஞ்ஞானத்தின் நாணயம் அது.

சுவிட்சர்லாந்தின் ட்ரிக்கர்ஃபிஷ் லென்ஸ் வேறு ரகம். 2016இல் அமெரிக்காவில் விற்பனை அனுமதி பெற்றது. 24 மணிநேரம்வரை கண்ணிலிருந்து அதன் வடிவ மாறுதல்களைப் பதிவு செய்கிறது. கண் அழுத்தத்தை எந்நேரத்தில் அளப்பது உசிதம் என்று மருத்துவருக்குக் காட்டுகிறது. அழுத்தம் இத்தனை என்று சொல்வதில்லை. தன் எல்லை தெரிந்த கருவி.

அறிக்கைக்காரர்களுக்கு இந்த எல்லை ஒத்துவராது. இருப்பதையும் வராததையும் ஒரே பத்தியில் கூட்டி வளர்ச்சி விகிதம் போடுகிறார்கள். வங்கி லெட்ஜரில் இல்லாத இருப்புக்கு நான் வட்டி எழுதினால் அது மோசடி. இவர்கள் எழுதினால் ஆய்வு.

என் புகார் இலக்கணம் சம்பந்தப்பட்டதும்கூட. 'அளக்கக்கூடும்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அளக்கிறது' என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு வினைமுற்றை நம்பி, ஊசிக்குப் பயந்தவன் இன்றைய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறான். முதலீடு செய்தவனுக்குப் பணம்தான் போகும். இவனுக்குப் போவது கண்ணாகவே இருக்கலாம்.