உயிரோடு இருக்கும்போதே ‘கண்ணீர் அஞ்சலி’: பாடகர்களைச் சுற்றி மரண வதந்தி பரவுவது ஏன்?

2020 ஜூன் மாதக் கடைசி. பாடகி எஸ்.ஜானகி காலமாகிவிட்டதாக ஒரே நாளில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் முழுக்கச் செய்தி. உண்மையில் அவர் மைசூரில் ஓர் அறுவை சிகிச்சை முடிந்து தேறிவந்தார். விசாரித்து ஏகப்பட்ட போன் வந்ததால் எஸ்.பி.பாலசுப்ரமணியமே வீடியோ வெளியிட்டார். ஜானகியிடம் பேசிவிட்டேன், நலமாக இருக்கிறார், இப்படி வதந்தி கிளப்பாதீர்கள் என்று வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த இலக்கு அவரே ஆனார்.

எஸ்.பி.பி. விஷயத்தில் என்ன நடந்தது?

லேசான கரோனா அறிகுறியோடு ஆகஸ்ட் 5-ம் தேதி எஸ்.பி.பி. சென்னையில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். பயப்பட வேண்டாம் என்று அவரே வீடியோவில் சொன்னார். 13-ம் தேதி இரவு உடல்நிலை மோசமானது. வென்டிலேட்டர், பிறகு எக்மோ கருவி என்று சிகிச்சை நீண்டது. மகன் எஸ்.பி.சரண் அடிக்கடி வீடியோவில் வந்து நிலவரம் சொன்னார்.

அப்படியும் வதந்தி அடங்கவில்லை. ஆகஸ்ட் 24-ம் தேதி, அப்பாவுக்குக் கரோனா ‘நெகட்டிவ்’ ஆகிவிட்டது என்று பரவிய செய்தியை சரண் மறுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பாடகியால்தான் தொற்று வந்தது என்று இன்னொரு கதை கிளம்பியது. அவரும் மறுப்பு சொல்ல வேண்டிவந்தது. செப்டம்பர் 25-ம் தேதி மதியம் எஸ்.பி.பி. காலமானார். அதோடும் விடவில்லை. ஆஸ்பத்திரி பில் கட்டாததால் உடலைத் தர மறுத்தார்கள் என்று ஒரு கதை. தாமரைப்பாக்கத்தில் அப்பாவை அடக்கம் செய்த கையோடு, சரண் அதற்கும் விளக்கம் கொடுத்தார்.

51 நாள் ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடியக் காத்திருந்த ஒரு குடும்பம், சிகிச்சையைப் பார்ப்பதா, வதந்திக்குப் பதில் சொல்வதா?

வதந்தி எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் ஒரு சின்ன உண்மையிலிருந்துதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ‘கவலைக்கிடம்’ ஆகும். கவலைக்கிடம் ‘காலமானார்’ ஆகும். 2016-ல் ஜானகி பாடுவதிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது, ‘கடைசிப் பாடல்’ என்ற வார்த்தையே மரணச் செய்தியாகத் திரிந்தது. 2025 பிப்ரவரியில் கே.ஜே.யேசுதாஸ் சென்னையில் மருத்துவமனையில் அனுமதி என்று செய்தி பரவியது. அது உண்மையில்லை என்று மகன் விஜய் யேசுதாஸ் மறுத்தார்.

இதில் காசும் இருக்கிறது. மாலை போட்ட படம், அழும் முகம், ‘சற்றுமுன்’ என்ற தலைப்பு இருந்தால் யூடியூப்பில் கிளிக் கூடும். விளம்பர வருமானமும் கூடும். மறுப்பு வீடியோவுக்கு அவ்வளவு கூட்டம் வராது.

குன்னத்துக்கு எப்படி வந்து சேர்கிறது?

குன்னம், வேப்பூர் பக்கம் இருக்கும் ஒருவருக்கு இந்தச் செய்தியை முகம் தெரியாதவர் அனுப்புவதில்லை. மச்சான் அனுப்புவார், கூடப் படித்தவர் அனுப்புவார், ஊர் குரூப்பில் வரும். தெரிந்தவர் அனுப்பியதால் நம்பிக்கை தானாக வந்துவிடும். சென்னை ஆஸ்பத்திரியில் என்ன நிலவரம் என்று இங்கிருந்து எட்டிப் பார்க்கவும் முடியாது.

அதிகம் ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குரூப்புக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால், எழுத்தை காப்பி எடுத்துப் புதிதாக ஒட்டினால் அது புதுச் செய்தியாகிவிடும்.

அனுப்புகிறவர் யாரும் கெட்டவர் இல்லை. கல்யாண வீட்டு மைக் செட்டிலும் ராத்திரி பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்த குரல். அந்தப் பாசத்தில்தான் முதல் ஆளாக அஞ்சலி போடத் தோன்றுகிறது. வதந்தி அந்தப் பாசத்தில்தான் ஏறி வருகிறது.

வெளிநாட்டிலும் இப்படித்தானா?

அங்கே கதை வேறு மாதிரி. பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி 1966-லேயே விபத்தில் இறந்துவிட்டார், இப்போது இருப்பவர் அவரைப் போன்ற வேறொருவர் என்று 1969-ல் அமெரிக்காவில் பெரிய புரளி. அவரே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தும் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1977-ல் இறந்த எல்விஸ் பிரெஸ்லி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது எதிர்ப்பக்கக் கதை. நமக்கும் இது புதிதல்ல. நேதாஜி திரும்பி வருவார் என்று பல பத்தாண்டுகள் நம்பியவர்கள் இங்கும் உண்டு.

பொய்ச் செய்திதானே, என்ன ஆகிவிடும்?

2016 டிசம்பர் 5-ம் தேதி மாலையை நினைத்துப் பாருங்கள். ஜெயலலிதா மறைந்ததாகச் சில சேனல்கள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மறுத்ததும் மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு மரணம் என்று பிறகு அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே இருந்த சந்தேகங்களோடு ‘அப்போ சாயந்திரம் சொன்னது?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. முந்திக்கொண்டு வரும் செய்தி, பின்னால் வரும் உண்மையையும் நம்ப முடியாததாக்கிவிடுகிறது.

சட்டம் என்ன செய்யும்?

மரண வதந்திக்கென்று தனிச் சட்டம் இல்லை. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவு பொதுவாகப் பீதி, பகை கிளப்பும் வதந்திகளுக்கானது. ஒரு பாடகர் இறந்ததாக வரும் பொய்யை அதற்குள் கொண்டுவருவது எளிதல்ல. சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால், அதற்குள் செய்தி ஊர் சுற்றி வந்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

குடும்பத்தினரோ மருத்துவமனையோ சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். ‘சற்றுமுன்’ என்று இருந்தால் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளிதழ், செய்தி சேனல்களில் தேடுங்கள். பெரிய கலைஞரின் மறைவு ஒரே ஒரு யூடியூப் சேனலுக்கு மட்டும் தெரிந்திருக்காது. பொய் என்று தெரிந்தால், அதே குரூப்பில் ‘இது தப்பு, நல்லா இருக்காங்க’ என்று ஒரு வரி போடுங்கள். அனுப்பியவர் மாமாவாகவே இருந்தாலும் சொல்லலாம், தப்பில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அஞ்சலி செலுத்தினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவசரப்பட்டுச் செலுத்தினால், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் மகனோ மகளோதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.