இடது எது? வலது எது?

திற்பரப்பில் அருவிக்குக் கீழே கோதையாறு ஓடுகிறது. இதில் இடதுகரை எது, வலதுகரை எது என்று கேட்டால் மராமத்து ஓவர்சீயர் உடனே சொல்லிவிடுவார். தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நில். இடக்கைப் பக்கம் இருப்பது இடதுகரை. கட்சிகளுக்கும் இப்படி ஒரு விதி உண்டா என்று ரப்பர் பால் வெட்டும் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். "எல்லாக் கட்சியும் ஏழைக் கட்சி என்றுதான் சொல்லுகிறது. இதில் யார் இடது, யார் வலது?"

நியாயமான கேள்வி. இந்தச் சொற்கள் பிறந்தது 1789இல், பிரெஞ்சுப் புரட்சியின் போது. தேசிய சபையில் மன்னனின் அதிகாரத்துக்காக வாதாடியவர்கள் தலைவரின் வலப்பக்கம் கூடி உட்கார்ந்தார்கள். மன்னனை எதிர்த்தவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். அன்று ஒருவன் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாலே அவன் யார் பக்கம் என்று தெரிந்தது. பிறகு நாற்காலி வேறு, நடத்தை வேறு என்றாகிவிட்டது. இதற்குச் சான்று தேட பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை, தோழர்களே! திற்பரப்பிலிருந்து மார்த்தாண்டம் வரை போனால் போதும்.

1954ஆம் ஆண்டு. கல்குளமும் விளவங்கோடும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. 117 ஸ்தானங்களுக்கு நடந்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. காங்கிரசை எதிர்த்துப் போட்டியிட்டு, இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடும் செய்துகொண்ட பிரஜா சோஷலிஸ்டுகள் முடிவு வெளியானதும் என்ன செய்தார்கள்? அதே காங்கிரசின் தயவில் மந்திரிசபை அமைத்தார்கள்! 19 பேரை வைத்துக்கொண்டு பட்டம் தாணுபிள்ளை முதல் மந்திரியானார். பெயரிலே சோஷலிசம், முட்டுக்கொடுத்தது காங்கிரஸ்.

தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணியின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கச்சேரிக்குப் போனால் மலையாளம்; மனு எழுத இன்னொருவன் காலைப் பிடிக்க வேண்டும். இந்த நிலையில் குமுறாமல் என்ன செய்வார்கள்? 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட ஜனங்களின் மீது போலீசார் சுட்டார்கள். ஏழை எளிய மக்கள் பிணமாக விழுந்தார்கள். சுடச் சொன்னது எந்த மன்னனும் அல்ல, சோஷலிஸ்ட் சர்க்கார்!

அப்போது அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா சிறையில் இருந்தார். ஜனங்களைச் சுட்ட மந்திரிசபை ராஜிநாமா செய்ய வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லியனுப்பினார். தன் கட்சியின் ஒரே மந்திரிசபையைப் பார்த்து இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். லோகியாவோடு நமக்கு வேறுபாடுகள் ஏராளம். ஆனாலும் இதில் அவர் சொன்னதே சரி. கட்சி கேட்கவில்லை. நாகபுரியில் கூடிய மாநாடு பட்டத்தின் பக்கமே கை தூக்கியது. 1955 முடிவில் லோகியா தனிக் கட்சி கண்டார். பட்டமோ 1960இல் காங்கிரசோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் முதல் மந்திரியாகி, பிறகு பஞ்சாப் கவர்னராகவும் போனார்.

சரி, சுடப்பட்டவர்களின் கட்சி இடதா? அதையும் சொல்ல முடியாது. வக்கீலும் கடைக்காரரும் நிலக்காரரும் கூலிக்காரனும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். எல்லைக் கோரிக்கை நியாயமானது. 1956 நவம்பர் 1 அன்று அது வென்றதும் நியாயமே. வென்ற பின் கட்சி காங்கிரசில் கரைந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான தாணுலிங்க நாடார் 1957இல் நாகர்கோவிலின் காங்கிரஸ் எம்.பி. ஆனார், பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். ஒரே மனிதர், எத்தனை நாற்காலி!

அயர்லாந்திலும் இதே கதைதான். பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று 1922-23இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏற்றவர், மறுத்தவர் என்ற அந்தப் பிளவிலிருந்தே ஃபியன்னா ஃபாயில், ஃபினே கெயில் என்ற இரு பெரிய கட்சிகள் பிறந்தன. அதற்குப் பிறகு வந்த பல பத்தாண்டுகளிலும் அங்கே மந்திரிசபைக்குத் தலைமை தாங்கியது இந்த இரண்டில் ஒன்றுதான். இதில் எது இடது என்று கேட்டால் அந்த ஊர்க்காரரே தலையைச் சொறிவார். கடைசியில் 2020இல் இரண்டும் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்துவிட்டன. 1912இல் பிறந்த தொழிற்கட்சியோ 1918 தேர்தலில் தேசப் பிரச்சனைக்கு வழிவிட்டுப் போட்டியிடாமல் ஒதுங்கியது. ஒதுங்கியவனுக்கு மூன்றாவது இடமே நிலைத்தது.

நம் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வோம். எல்லைப் போராட்டக் காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சியில் நம் இயக்கம் ஐக்கிய கேரளம் என்ற கோஷத்தில் நின்றது. கல்குளத்துத் தமிழ்க் கூலிக்காரன் நம்மைத் தேடி வராததில் வியப்பென்ன? இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. 1957 ஏப்ரலில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் சர்க்கார் வந்தது. வந்த சில நாட்களிலேயே குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை போட்டது. ஆனால் அதே ஆட்சியில், 1958 ஜூலை 26 அன்று, கொல்லம் அருகே சந்தனத்தோப்பில் முந்திரி ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் போலீசார் சுட்டு இருவர் மாண்டார்கள். நம் அண்டி ஆபீஸ் பெண்களைப் போலப் பருப்பு உரித்துப் பிழைத்தவர்களின் போராட்டம் அது. மார்த்தாண்டத்துக்கு ஒரு படி, சந்தனத்தோப்புக்கு வேறு படி என்று நாம் அளக்க முடியாது.

இன்றைய கதைக்கு வருவோம். மொழி, இடஒதுக்கீடு என்ற பிரச்சனைகளில் தி.மு.க. எங்கே நிற்கிறது என்பது தெரிந்ததே; அதில் நாம் அவர்களோடு நிற்கிறோம். ஆனால் 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது அதே தி.மு.க. சர்க்கார்தான். கூட்டணியில் இருந்துகொண்டே நம்மவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரே கட்சி ஒரு கேள்வியில் இடப்பக்கமும் மறு கேள்வியில் முதலாளி பக்கமும் உட்காருகிறது! பா.ஜ.க.வைப் பற்றி இந்தக் குழப்பம் கிடையாது. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய 4 தொகுப்புச் சட்டங்களை 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவந்தது அந்த சர்க்கார். விழுங்கப்பட்டவற்றில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் ஒன்று. விளவங்கோட்டில் 3 முறை காங்கிரஸ் சின்னத்தில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் 2024 பிப்ரவரியில் அந்தக் கட்சிக்கே போய்ச் சேர்ந்தார். தூரம் அவ்வளவு குறைவு போலும்!

ஆகவே தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: ஓவர்சீயரைப் போலத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கூலி, வேலை நேரம், நிலம், போலீஸ் ஆகிய நான்கிலும் ஒரு கட்சி சர்க்காரில் இருந்தபோது யார் பக்கம் ஓடியது? எதிர்க்கட்சியாக இருக்கும்போது பேசியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் கட்சியையும் இதே கணக்கில் எழுதுங்கள்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். அந்தப் பழைய தோட்டச் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 தொழிலாளராவது உள்ள தோட்டத்துக்குத்தானே? அவர் வெட்டுவது 2 ஏக்கர் விளையில், அரையாள் பங்குக்கு. மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் காசு இல்லை. சட்டம் இருந்தபோதும் அவருக்கு அது இல்லை. சங்கத்தின் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. "அண்ணே, எனக்காக எந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

நாம் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வெட்டு முடியும் நேரத்துக்கு, பதிவேட்டோடு அவருடைய விளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.