வடிகட்டி கிழிவது யாரால்?

சொந்தமாக வண்டி வைத்திருக்கும் சங்கங்கள் நம்மிடையே பல உள. நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், நெய்த சேலைகளைப் பண்டகசாலையில் சேர்க்கவும், விளைபொருளை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்லவும் அவை பயன்படுகின்றன. உறுப்பினர்களின் பணத்தால் வாங்கிய அவ்வுடைமையை எவ்வாறு பேணுகிறோம் என்பது, நிர்வாகக் குழுவினர் மட்டுமன்றிக் கணக்கை ஆய்வோரும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: எஞ்சின் எண்ணெய் வடிகட்டி. ஓட்டுநர்கள் 'ஆயில் பில்டர்' என்று வழங்குவது அதனையே.

இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி யாதெனின், நான் செய்த தவறு ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்கை ஆய்வு செய்தேன். வண்டிப் பராமரிப்புச் செலவில், ஓராண்டுக்குள் இரு முறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றியதற்குச் சீட்டுகள் இருந்தன. ஓட்டப் பதிவேட்டைப் பார்த்தேன். வண்டி ஓடிய தொலைவோ மிகக் குறைவு. 'இத்துணைக் குறைந்த ஓட்டத்துக்கு இரு வடிகட்டிகள் எதற்கு?' என்று குறிப்பு எழுதினேன். செயலாளர் அஞ்சும் இயல்பினர். அடுத்த முறை எண்ணெயை மட்டும் மாற்றி, வடிகட்டியை அப்படியே விட்டார். அதற்கடுத்த முறை இரண்டையுமே விட்டார். பின்னர் ஒருநாள், நூல் ஏற்றி வந்த வழியில், எஞ்சினில் தட்டும் ஓசை எழுந்து வண்டி நின்றுவிட்டது.

பட்டறைக்கு நானும் சென்றேன். முதியவரான மெக்கானிக், வடிகட்டியின் தகரக் கூட்டை வெட்டித் திறந்து காட்டினார். ஒழுங்கான மடிப்புகளாக நிற்க வேண்டிய காகிதம் ஒருபுறமாகச் சரிந்து, மடிப்பின் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. "மட்டமான காகிதமோ?" என்று கேட்டேன். "காகிதத்தின் மேல் குற்றம் இல்லை, சார். தாங்கும் வரை அது தாங்கியிருக்கிறது. மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை" என்றார் அவர். மாற்றாதவர் செயலாளர், மாற்றவொட்டாமல் தடுத்ததோ என் பேனா.

அதன் பின்னரே இப்பொருளைக் கற்றேன். எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பு ஒன்று உறிஞ்சி வடிகட்டிக்குள் தள்ளுகிறது. காகித மடிப்புகளின் வெளிப்புறமாக வரும் எண்ணெய், காகிதத்தை ஊடுருவி, நடுவேயுள்ள துளையிட்ட குழாயின் வழியே பேரிங்குகளைச் சென்றடைகிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான். அதில் பாதியளவே உள்ள துகள்களையும் இக்காகிதம் தடுத்து நிறுத்த வல்லது.

நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. பாவுக்கு இடும் கஞ்சியைத் துணியில் வடிக்கிறோம். சூடாக இருக்கும்போது அது எளிதில் இறங்குகிறது. ஆறிக் கெட்டியானால் துணியின் மேல் தேங்குகிறது. தேங்கியதைக் கையால் அழுத்தி இறக்க முயன்றால் துணி கிழிகிறது. முன்பே கசடு படிந்த துணியாயின் இன்னும் விரைவில் கிழியும். வடிகட்டியினுள் நிகழ்வதும் இதுவே. காகிதத்தின் இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாடுதான் அதனைச் சரித்துக் கிழிக்கும் விசை.

சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகளும் இதை அறிவர். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகும்போது சல்லடையைக் கழுவுகின்றனர். வண்டியின் வடிகட்டிக்கு அவ்வாறு இரண்டு அழுத்தமானிகள் இல்லை. நாட்கணக்கும் ஓட்டக் கணக்குமே ஈண்டு நமக்கு அழுத்தமானி.

அழுத்தம் மிகும்போது காகிதத்தைக் காக்க ஒரு மாற்றுவழி வால்வு உண்டு என்பது மெய்யே. பல வண்டிகளில், சதுர அங்குலத்துக்கு 10 முதல் 20 பவுண்டு வரையிலான வேறுபாட்டில் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயை விடுகிறது. எண்ணெயே இல்லாமையினும் அழுக்கு எண்ணெய் மேல் என்பது அவ்வமைப்பின் கருத்து. ஆனால் கசடு படிந்து வால்வு ஒட்டிக்கொண்டாலோ, மட்டமான வடிகட்டியில் அதன் சுருள்வில் தகுதியற்றதாக இருந்தாலோ, முழு விசையும் காகிதத்தின் மேல் விழுகிறது.

நிற்க. ஓட்டம் குறைவு என்பதே என் ஆட்சேபத்தின் அடிப்படை. அங்கேதான் நான் தவறினேன். அச்சங்கத்தின் வண்டி தெருத் தெருவாகச் சென்று, தறிக்காரர் வீடுகளில் நூலை இறக்கி, இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்பது. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு எண்ணெயில் கலக்கிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறி, அந்நீர் ஆவியாய் வெளியேறிவிடும். சிற்றோட்ட வண்டியிலோ அது தங்கி, அமிலத்தோடும் கரியோடும் சேர்ந்து சேறாகிறது. வடிகட்டிக் காகிதம் பெரும்பாலும் செல்லுலோசால் ஆகிப் பிசினால் உறுதி செய்யப்பட்டது. நாம் நெய்யும் பருத்தியும் அதே செல்லுலோசுதான். ஈரமும் அமிலமும் அந்நாரைத் தளர்த்தும். வெப்பமோ நாளடைவில் பிசினை நொறுங்கச் செய்யும். ஆதலின்தான் வண்டியின் கையேடு, 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது' என்று கூறுகிறது. நான் அவ்வாக்கியத்தின் முற்பாதியை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதினேன்.

வேறு காரணங்களும் உள. நீலகிரியில் பசுந்தேயிலை ஏற்றும் வண்டிகள் குளிர்ந்த விடியலில் கிளப்பப்படுகின்றன. எண்ணெய் கெட்டியாக இருக்கும் அவ்வேளையில் எஞ்சினை உறுமவிட்டால் காகிதத்தின் மேல் பெருவிசை விழும். கையேடு கூறுவதினும் கெட்டியான எண்ணெயை ஊற்றுவோர் சமவெளியிலும் இத்தீங்கையே செய்கின்றனர். புழுதிச் சாலையில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியைக் கவனியாது விட்டால், அப்புழுதியும் எண்ணெயில் சேர்ந்து இக்காகிதத்தை அடைக்கும். ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கசிந்தாலும் அவ்வாறே. பழைய டிராக்டர்களின் காகிதச் சுருளை டீசலில் அலசி, காற்றழுத்தத்தால் ஊதி, மீண்டும் பொருத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் அக்காகிதத்தில் நார்கள் விலகியும் மடிப்புகள் விரிசலுற்றும் இருக்கும். இது சிக்கனம் அன்று.

கிழிந்த வடிகட்டியின் பெருங்கேடு யாதெனின், அது எச்சரிக்கை செய்வதில்லை. கிழிசலின் வழியே எண்ணெய் தடையின்றிப் பாய்வதால் அழுத்த விளக்கு எரியாது. ஓட்டுநர்க்கு ஐயம் எழாது. அழுக்கு எண்ணெய் பேரிங்குகளைத் தேய்க்கும். காகிதத் துணுக்குகள் குறுகிய எண்ணெய் வழிகளில் சிக்கி அடைக்கும். ஓசை கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் அறியார் என்னும் பழமொழி, கணக்கு ஆய்வோரை நோக்கிச் சொன்னதுபோல் இருக்கிறது. வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் செலவோ பல பதினாயிரம். முன்னதைக் கேள்வி கேட்பது எளிது. பின்னதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

'கேள்வி கேளாமல் விட்டால் பொய்ச் சீட்டுகள் பெருகாவோ?' என்று என் தோழர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு ஒரு வழி உண்டு. வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் பழையதை வெட்டித் திறந்து, தேதியும் ஓட்டமும் எழுதி, அடுத்த ஆய்வு வரை சங்கத்தில் வைத்திருக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து ஏமாற்றும். அதற்கென உள்ள வெட்டும் கருவியையே பட்டறையில் பயன்படுத்தச் சொல்க. அந்தப் பழைய வடிகட்டி, செலவுக்குச் சான்றாவதோடு எஞ்சினின் நலத்தையும் உரைக்கும். மடிப்புகள் சரிந்திருந்தால் மாற்றும் காலம் தாழ்ந்தது என்றும், உலோகப் பொடி மின்னினால் உள்ளே தேய்மானம் என்றும் அறியலாம்.

விலைப்புள்ளி பெறும்போதும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வண்டிக்குரிய குறியெண் கொண்ட வடிகட்டிகளுக்குள் குறைந்த விலையை நாடுவது முறை. ஏதோ ஒரு தகரக் கூட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவது முறையன்று. மட்டமான சரக்கில் காகிதம் விளிம்புத் தட்டிலிருந்து பசை விட்டுப் பிரிவதும், நடுக்குழாய் நசுங்குவதும் உண்டு. அண்டைச் சங்கங்கள் கூடி, அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் சீட்டோடு மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலியும் புகாது.

அச்சங்கத்தின் எஞ்சின் செலவு அவ்வாண்டின் இலாபத்தைப் பெரும்பகுதி விழுங்கிவிட்டது. பேரவைக் கூட்டத்தில் செயலாளரை உறுப்பினர்கள் கடிந்துகொண்டனர். பழைய குறிப்பு என்னுடையது என்று எழுந்து சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு முதிய நெசவாளர் ஒருவர், "இனிமேல் மாற்றச் சொல்லி எழுதுங்கள், ஐயா" என்றார். அன்று முதல் எனது ஆய்வுக் குறிப்பில் ஒரு வினா மாறியிருக்கிறது. 'வடிகட்டியை ஏன் மாற்றினீர்?' என்று நான் கேட்பதில்லை. 'மாதம் வந்தும் ஏன் மாற்றவில்லை?' என்றே கேட்கிறேன்.