தலைக்கவசமும் சும்மாடும்

"தலைக்கவசம் இன்றி உள்ளே வரக் கூடாது" என்ற பலகை பெரிய கட்டட வேலையிடங்களின் வாசலில் தொங்குகிறது. அதை எழுதியவர் யாரை நினைத்து எழுதினார்? சித்தாளின் தலையில் சும்மாடு இருக்கிறது. சும்மாட்டின் மேல் கலவைச் சட்டி. தலைக்கவசத்தை எங்கே வைப்பது?

பாதுகாப்புத் துறை தனக்கென வகுத்துக்கொண்ட ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை அகற்ற வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த மாற்றைத் தேட வேண்டும். அடுத்து, எந்திரத்தாலும் தடுப்பாலும் ஆபத்தை ஆளிடமிருந்து பிரிக்க வேண்டும். பிறகு வேலை முறையைத் திருத்த வேண்டும். கவசமும் கையுறையும் கடைசிதான். நம் ஊரில் அந்தக் கடைசிப் படியே முதல் படி; அதுவும் ஆணின் உடலை அளவெடுத்தது. சித்தாள் சேலைமேல் போட்டுக்கொள்ளும் பழைய ஆண் சட்டைதான் அவளுடைய பாதுகாப்பு உடை. அதையும் அவளேதான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள்.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தைப் பெண்கள் துடைக்கவோ எண்ணெய் இடவோ கூடாது என்றது. ஓடும் சக்கரம் ஆணின் கையை விட்டுவிடுமா? எந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டிய இடத்தில் பெண்ணை நிறுத்தினார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், துணையின்றித் தூக்கும் சுமைக்கு ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என எல்லை வைத்தன. ஒரு நாளில் எத்தனை தடவை என்று கேட்கவில்லை. கழுத்து தேய்வதும் கருப்பை இறங்குவதும் ஒரே சட்டியில் நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான சட்டிகளில் நடக்கின்றன. அதனால் அவை விபத்துப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. ஈரச் சிமெண்டில் பொத்துப்போகும் விரல்களும் ஏறுவதில்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் சித்திரை வெயிலில் நிற்கும் பெண்ணின் நீர்க்கடுப்பும் ஏறுவதில்லை. கழிப்பறையும் பாதுகாப்பு ஏற்பாடுதான் என்று எந்த மேஸ்திரிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

காரைக்குடிக்கு வருபவர்கள் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சையும் வியக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பைச் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட யாரும் சொல்வதில்லை. இன்று அந்த வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்களிடம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமோ 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்றது. ஒன்பதாவது ஆளாக இருப்பவளின் தலை சட்டத்துக்கு வெளியே நின்றது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். எந்தத் தலைக்கவசம் அவர்களைக் காத்திருக்கும்? தூணின் பலத்தை முடிவு செய்தவர்கள் வேறு. அதன் கீழ் நின்றவர்கள் வேறு. சாரம் ஆடுகிறது என்பது அதில் ஏறி இறங்கும் சித்தாளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அவள் சொல் எடுபடாது. 'சித்தாள்' என்ற பெயரே அவளைச் சின்ன ஆள் ஆக்கிவிடுகிறது. இருபது வருடம் கலவை சுமந்தாலும் அவள் கையில் கரண்டி வராது. கொத்தனார் என்று அவளை யாரும் அழைக்க மாட்டார்கள். பாதுகாப்பில் உள்ள ஓட்டை இங்கேதான் தொடங்குகிறது என்கிறேன்.

"சுமைதூக்கி எந்திரம் வந்தால் பெண்களுக்கு வேலை போய்விடும்" என்று ஒப்பந்தக்காரர்கள் நம்மிடம் இரக்கம் காட்டுகிறார்கள். எந்திரம் வந்ததும் அதன் பொத்தானை ஆணிடம் கொடுத்துப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புபவர்களும் அவர்களே. அந்தப் பொத்தானை அவள் கையில் கொடுங்கள். கரண்டி பிடிக்கவும் சாரம் கட்டவும் அவளுக்குக் கூலியோடு பயிற்சி கொடுங்கள். ஆபத்து என்று அவள் சொன்னால் வேலை நிற்க வேண்டும். அன்றைய கூலி நிற்கக் கூடாது.

முதலில் அவள் தலையிலிருந்து சட்டியை இறக்குங்கள். கவசத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.