ஓடிப் போயிருந்தால் ஐம்பதாயிரம்

சனி, ஞாயிறு வந்தால் எங்க ஊர்க்காரர்கள் ஈசிஆர் ரோட்டைக் கடக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மாமல்லபுரம் தாண்டிப் பாண்டிச்சேரி போகும் உங்களுக்குப் புதுப்பட்டினம் ஒரு டீ குடிக்கிற இடம். எங்களுக்கு அதுதான் கடைத்தெரு, மருந்துக்கடை, மாட்டுக்குத் தவிடு வாங்குகிற இடம்.

மார்கழியில் நவரைக்கு நாத்து விட்டிருந்தேன். தவிட்டு மூட்டையோடு எக்ஸெல் வண்டியில் திரும்பும்போது பின்னால் வந்த கார் தட்டியது. இடது காலில் ரெண்டு இடத்தில் எலும்பு முறிவு.

ஓட்டி வந்த பையன் நல்லவன், அதை முதலிலேயே சொல்லிடறேன். ஓடவில்லை. "சாரி அங்கிள், சாரி அங்கிள்"னு கை நடுங்க நின்னான். 108க்கு அவன்தான் போன் பண்ணான். முதல் 48 மணி நேர வைத்தியத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை. 2021 டிசம்பரில் நம்ம மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கிவச்ச 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா 48 மணி நேரத்தில் எலும்பு கூடுமா? நாத்துப் பறிக்க ஆள் நிக்குமா? அந்த நவரை போச்சு.

ஸ்டேஷனில்தான் விஷயம் தெரிந்தது. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. பழைய கார், மூணாவது கை, ஆர்சி இன்னும் வேற யாரோ பேரில்.

"உங்க வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல வாங்கிக்க வேண்டியதுதானே?" பார்க்க வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஏஜென்ட் வந்து விளக்கினார். நான் கட்டியது தேர்டு பார்ட்டி. நான் யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. அதோட சேர்த்துக் கட்டிய 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு? செத்தால், கை கால் போனால், கண் போனால், நிரந்தரமா முடங்கினால்தான் வரும். "கால் ஒடிஞ்சா வராதுங்க"ன்னார் பாவம், தலையைக் குனிஞ்சுகிட்டு.

அப்போ என் காலுக்கு யார் பொறுப்பு? இடிச்ச வண்டியோட இன்சூரன்ஸ். அது எங்கே? இல்லை.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. சட்டத்தில் இன்சூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூணு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சிறைக்குப் போன ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. 2022 ஜூனில் அரசு வச்ச கட்டணப்படி 1,500 சிசிக்கு மேலே உள்ள காருக்கு வருஷ தேர்டு பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய், வரி தனி. மாட்டினால் ரெண்டாயிரம், ஒழுங்கா இருந்தால் எட்டாயிரம். கணக்குத் தெரிஞ்சவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இன்னொரு கூத்தையும் கேளுங்க. இடிச்சவன் யாரென்றே தெரியாமல் ஓடிப் போயிருந்தால், 2022 ஏப்ரலில் வந்த திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். என் எலும்பு முறிவு பலத்த காயம்தான். ஆனா என் பையன் ஓடவில்லையே! நின்னான், பேர் சொன்னான், போன் நம்பர் கொடுத்தான். அதனால் அந்த ஐம்பதாயிரமும் எனக்கில்லை. நின்னவன் கையில் அடிபட்டவனுக்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன நியாயம்?

வழக்குப் போடலாம், போட்டிருக்கேன். ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பேர் மாத்தாமல் வண்டியை வித்தவங்க கவனிங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் ஜாமீன்தொகை கட்டாமல் விடக்கூடாதுன்னும் அதே வருஷம் உத்தரவு. வக்கீல் இதைச் சொல்லும்போது கார் ஸ்டேஷனை விட்டுப் போய் மூணு வாரம். தீர்ப்பு வந்து பணம் கட்டலைன்னா நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாமாம். நல்லது. நான் இடிச்சிருந்தா என் ஒண்ணரை ஏக்கரை ஜப்தி பண்ணலாம். வாடகை வீட்டில் இருக்கிற பையனிடம் எதை ஜப்தி பண்ணுவாங்க?

எங்க ஆட்களும் யோக்கியம் இல்லை. ஊரில் ஓடுகிற டிராக்டர்களில் எத்தனைக்கு இன்சூரன்ஸ் உயிரோட இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த டிரெய்லரில்தான் நடவுக்குப் பெண்களை ஏத்திப் போறோம். இதை எழுதியதுக்கு நாளைக்கு டீக்கடையில் திட்டு வாங்குவேன். பரவாயில்லை.

பிரிட்டனில் 1946லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பு வச்சாங்க. இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சா அடிபட்டவனுக்கு அது கொடுக்கும், பிறகு இடிச்சவனைத் துரத்தும். அந்தப் பணம் ஒழுங்கா பிரீமியம் கட்டுகிறவர்களிடமிருந்துதான் வருது. அது எனக்கும் தெரியும். நானும் கட்டுகிறவன்தான், வருஷத்துக்குப் பத்து இருபது ரூபாய் கூடக் கட்டத் தயார். துரத்துகிற வேலையைக் கால் ஒடிந்தவன் தலையில் கட்டாதீங்கன்னுதான் கேட்கிறேன். எந்த வண்டிக்கு என்னைக்கு இன்சூரன்ஸ் முடியுதுன்னு அரசாங்கத்தின் வாகன் பதிவிலேயே இருக்கு. ஹெல்மெட் போடாதவனைப் படம் பிடிக்கிற கேமராவுக்கு இதைப் பார்க்கத் தெரியாதா?

உங்களிடம் கேட்பது ஒண்ணே ஒண்ணு. உங்க இன்சூரன்ஸ் உங்களுக்கானது இல்லை, நீங்க இடிக்கப்போகிற எனக்கானது. 150 சிசிக்குள் உள்ள பைக்குக்கு அது 714 ரூபாய், வரி தனி. மாமல்லபுரத்தில் ஒருவேளை மீன் சாப்பாட்டுக்கு நீங்க கொடுக்கிற காசு. அடுத்த சனிக்கிழமை கிளம்பும் முன்னால் எம்பரிவாகன் செயலியில் முடிவு தேதியைப் பாருங்க. முடிஞ்சிருந்தால் புதுப்பிச்சுட்டு வாங்க. முடியலைன்னா, சென்னையிலிருந்து கல்பாக்கத்துக்குப் பஸ் இருக்கு.