ஆள் பிடிக்கும் வியாபாரம்: லாபம் யாருக்கு?

ஒரு காலத்தில் சம்பள நாளன்று மில் கேட்டில் வட்டிக்காரன் நிற்பான். இன்று அவன் இடத்தில் வேறொரு ஆசாமி நிற்கிறார். கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயில் தேன். “அண்ணே, அரைமணி நேரம் ஒதுக்குங்க. உங்க வாழ்க்கையே மாறப்போகுது” என்கிறார். வட்டிக்காரனாவது கடன் என்று சொல்லித்தான் கொடுத்தான். இவர் தொழில் என்று சொல்லி நம்மிடமிருந்தே வாங்கிக்கொண்டு போகிறார்.

நெட்வொர்க் பிசினஸ், நேரடி விற்பனை, சங்கிலித் தொடர் மார்க்கெட்டிங் என்று பெயர் பல. சங்கதி ஒன்றுதான். கம்பெனியிடம் சோப்பும் சத்துப் பவுடரும் வாங்க வேண்டும், விற்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தனக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும். கீழே உள்ளவர் வாங்கும் சரக்கில் மேலே உள்ளவருக்குக் கமிஷன். மில் தொழிலாளியின் போனசும், நடவுக்குப் போகும் பெண்கள் வாங்கிய குழுக்கடனும் இதில் போய் விழுகின்றன. ஆகவே கேட்க வேண்டியிருக்கிறது: சேருகிறவருக்கு இது கட்டுப்படியாகுமா?

அவர்கள் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். நீ 6 பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு 6 பேரைச் சேர்ப்பார்கள், 36 ஆகும், பிறகு 216. இந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கார் படத்தைக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். தோழர்களே, நாம் சாக்பீஸைக் கீழே வைக்க வேண்டாம். கணக்கைத் தொடர்ந்து போடுவோம். பத்தாம் படிக்கு வரும்போது அந்தப் படிக்கு மட்டும் 6 கோடியே 4 லட்சம் பேர் வேண்டும். மேலே உள்ள படிகளையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் மொத்தமே 7 கோடியே 21 லட்சம் பேர்தான். தொட்டில் பிள்ளையும் பல் போன பாட்டியும் சோப்பு விற்கக் கிளம்பினாலும் பத்தாம் படி நிரம்பாது. பதினோராம் படிக்கு யாரைச் சேர்ப்பது? தென்னை மரத்தையா?

இன்னொரு கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆளுக்கு 6 பேர் வீதம் சேர்ந்துகொண்டே போனால், எந்தப் படியில் நிறுத்திப் பார்த்தாலும், கடைசிப் படியில் நிற்பவர்கள் 100-க்கு 83 பேர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. கமிஷன் கொடுப்பதற்கே அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பணம் போனால், “நீ உழைக்கவில்லை, உனக்கு நம்பிக்கை போதவில்லை” என்று மேலே இருப்பவர் உபதேசம் செய்கிறார். நூறு பதிலித் தொழிலாளிகள் கேட்டில் நிற்க, 17 பேருக்கு மட்டும் வேலை கொடுத்துவிட்டு, மீதி 83 பேரையும் சோம்பேறிகள் என்று மானேஜர் ஏசினால் நாம் கேட்டுக்கொண்டு சும்மா நிற்போமா?

“ஆள் சேர்க்காமல் சரக்கை மட்டும் விற்றாலே லாபம் உண்டு” என்று சிலர் வாதாடுகிறார்கள். உண்மையிலேயே அப்படிப்பட்ட சரக்கு என்றால் ஆளுக்கு ஆள் ஏன் கெஞ்ச வேண்டும்? வாடிக்கைக்காரரிடம் “நீயும் எதிரிலே ஒரு கடை போடு” என்று எந்த மளிகைக்கடைக்காரராவது வற்புறுத்தியதுண்டா? அத்தனை படிகளுக்கும் கமிஷன் கொடுத்தாக வேண்டும். அது சரக்கின் விலையிலிருந்துதானே வர வேண்டும்!

முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே கேட்டுப் பார்ப்போம். இப்படிப்பட்ட 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை அமெரிக்க சர்க்காரின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதிகாரிகள் ஆராய்ந்து 2024ல் வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. மாதத்துக்குப் பார்த்தால் 84 டாலர்கூட இல்லை. அதுவும் செலவைக் கழிக்காத கணக்கு. சரக்கு வாங்கிய காசு, பஸ் சார்ஜ், கூட்டத்துக்குக் கட்டிய கட்டணம் எல்லாவற்றையும் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? இதில் பெயர்பெற்ற ஆம்வே கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1959ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. 2022 ஏப்ரலில் இந்திய அமலாக்கத்துறை இக்கம்பெனியின் 757 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. அப்போது அத்துறை சொன்ன கணக்கு இது: 1996-97ல் கம்பெனி இந்தியாவுக்குக் கொண்டுவந்த மூலதனம் 21 கோடியே 39 லட்சம் ரூபாய். 2020-21 வரை லாப ஈவு, ராயல்டி முதலிய பெயர்களில் வெளியே அனுப்பியது 2,859 கோடி. ஆள் சேர்க்கும் மோசடி என்பது அத்துறையின் குற்றச்சாட்டு. அது தீர்ப்பு அல்ல. ஆனால் 21 கோடி எப்படி 2,859 கோடி ஆயிற்று என்று கேட்க நமக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. அந்தக் காசு கட்டிலுக்கடியில் சோப்புப் பெட்டி அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்களின் காசு.

அங்கே போன காசு என்ன செய்கிறது என்பதையும் மில் தொழிலாளிகள் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனியை நிறுவிய இருவரில் ஒருவர் ரிச் டிவோஸ். அவருடைய மகன் டிக் டிவோஸ், 2012ல் மிச்சிகனில் தொழிற்சங்கங்களின் சந்தாவில் கைவைத்த சட்டத்துக்கு முன்னின்று பாடுபட்டவர். அந்தச் சட்டத்துக்கு ‘வேலை செய்யும் உரிமை’ என்று அழகான பெயர் வேறு! அங்குள்ள தொழிலாளர்கள் விடவில்லை. 2023ல் மாநில சட்டமன்றம் அதை ரத்து செய்தது.

நம் முன்னோர்களுக்கு இந்த ஆள் பிடிக்கும் வித்தை புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. அவன் பிடித்ததும் பெரும்பாலும் தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும்தான். அந்நியன் பேச்சை யார் நம்புவார்கள்? ஆனால் கங்காணி ஒரு கூட்டத்துக்கு ஒருவன். இந்த வியாபாரத்திலோ ஒவ்வொரு கூலியாளும் அடுத்தவனுக்குக் கங்காணியாக வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு தோழர். இருபத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங்கில் வேலை. சங்கச் சந்தா நோட்டு அவர் கையில்தான் இருந்தது. அவர் வீட்டுக்கு வந்தால் காபி கொடுக்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். ஒரு கம்பெனியில் சேர்ந்தார். முதலில் மைத்துனரைச் சேர்த்தார், பிறகு கூட வேலை பார்த்த நான்கு பேரை. இப்போது அவர் தெருவில் வருகிறார் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. “பணம் போனதுகூடப் போகட்டும், சந்தா கேட்கப் போனாலும் பவுடர் விற்க வந்திருக்கேன்னு நினைக்கிறாங்க” என்று என்னிடம் சொன்னார். அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை. எந்தக் கம்பெனியின் வருமான அறிக்கையிலும் இந்த நஷ்டத்துக்கு ஒரு வரி கிடையாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்து 1978லேயே மத்திய சட்டம் வந்தது. நடத்துகிறவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேருகிறவரும் குற்றவாளிதான். மூன்று ஆண்டு வரை சிறை. மேலே இருப்பவர் விமானம் ஏறிவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது மைத்துனரைச் சேர்த்த நம் ஆள்தான். 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் திட்டங்களைத் தடைசெய்கின்றன. அதனாலேயே எல்லாரும் இன்று ‘சரக்குக்குத்தான் கமிஷன்’ என்று நாமாவளி பாடுகிறார்கள். சரக்கை வாங்குகிறவர் யார்? சேர்க்கப்பட்டவர்தானே!

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். புதிதாக ஒருவரையும் சேர்க்காதீர்கள். பில், ரசீது, போனில் வந்த செய்தி எதையும் அழிக்காதீர்கள். பிரிக்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கம்பெனிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மோசடி என்றால் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். ஒரே கம்பெனியில் ஏமாந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ரசீதுகளோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். மனு எழுத ஆள் இருக்கிறது.